கொண்டச்சிக்குப் போன அடுப்பு

பேசாலையில் யாரைக் கேட்டாலும் செலீனா பயமறியாதவள் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஒருநாளாவது அவளோடு லொறியில் போயிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது ஒரு சிலுவை போடுவாள், இறங்கும்போது இன்னொன்று. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொம்பிளை கொழும்புக்குப் போய், நாற்பது ஆம்பிளைகளுக்கு நடுவில் கையைத் தூக்கி ஏலம் கேட்கிறாள் என்றால் அது துணிச்சல்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கையைத் தூக்கும்போது மனசுக்குள் எத்தனை செபம் ஓடுகிறது என்பது அவளுக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

கொழும்புக்கு வெளியே சாமான் வைக்க அறை வாடகைக்கு விடும் களஞ்சியங்கள் இருக்கின்றன. கடையை மூடியவர்களும் வெளிநாடு போனவர்களும் தட்டுமுட்டுகளைக் கொண்டுபோய் அங்கே பூட்டி வைப்பார்கள். மாதக்கணக்காக வாடகை வராவிட்டால் களஞ்சியக்காரர் பூட்டை வெட்டி, உள்ளே இருப்பதை ஒரே குவியலாக ஏலத்தில் விடுவார். கதவைத் தூக்கி ஐந்து நிமிடம் காட்டுவார்கள். வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. மற்றவர்கள் டோர்ச் அடித்துப் பார்க்கும்போது செலீனா கண்ணை மூடி மூக்கை நீட்டுவாள். எரிந்துபோன மோட்டருக்கு ஒரு மணம், எலி குடியிருந்த பிறீசருக்கு ஒரு மணம், நன்றாகப் புழங்கிய குசினிச் சாமானுக்கு வேறொரு மணம். அந்த மூன்றாவது மணம் வந்தால் கை மேலே போகும். பேசாலையில் நாய்களுக்கு அடுத்தபடி நல்ல மூக்கு இவளுக்குத்தான் என்று புருசன் யாகப்பர் சொல்வார். பாராட்டித்தான் சொல்கிறாராம்.

கடல் தொழிலில் முதுகு போன பிறகு யாகப்பர் வள்ளத்தை விற்றுச் சின்னப் பட்டா லொறி ஒன்று வாங்கினார். அந்த லொறியில்தான் சாமான் வரும். ஹோட்டல் காஸ் அடுப்பு, கொத்துரொட்டிக் கல்லு, மா குழைக்கிற மெசின், ஒருமுறை பாண் சுடுகிற ஒரு முழுப் போறணை. தலைமன்னார்த் தேத்தண்ணிக் கடைகளிலிருந்து முசலிப் பக்கச் சாப்பாட்டுக் கடைகள் வரைக்கும் அவள் கொடுத்த அடுப்புகள்தான் எரிகின்றன. எல்லாம் ஒரே ஒரு பேரில் ஓடுகிற வியாபாரம்: செலீனா தந்தால் பழுது இருக்காது.

அந்தப் பேருக்கு ஒருமுறை அடி விழுந்ததுண்டு. சில வருடங்களுக்கு முன் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த காலத்தில், செலீனாவின் முற்றத்துக்கு எட்டு மாதம் ஒரு காக்கா கூட வரவில்லை. அவள் விற்ற அடுப்பு ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனாலும் காஸ் என்ற சொல்லைக் கேட்டாலே சனம் விறகுக்கு ஓடியது. அன்றிலிருந்து 'காஸ் ஒழுகுது' என்ற இரண்டு சொல்லையும் அவள் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல ஒரு பயம்.

இந்த வருடம் ஆடி மாதம், சோளகம் பேய்க்காற்றாய் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு அடுப்புகள் வந்தன. நாலு வாய், கீழே தட்டு, சில்வர் போலப் பளபளப்பு. ஏதோ ஒரு விடுதி மூடப்பட்டு, மூன்று வருடமாக ஒரே அறையில் அருகருகே கிடந்தவை. செலீனா அவற்றை முற்றத்தில் இறக்கிச் சிலிண்டர் பூட்டி, குழாய் நீளத்துக்கு மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒரு மணமும் இல்லை. பத்தவைத்துப் பார்க்க முடியாது. சோளகத்தில் முற்றத்தில் நெருப்பு நிற்காது. அதனால் அவள் முறை இதுதான்: முற்றத்தில் மூக்கு, வாங்குகிறவரின் குசினியில் நெருப்பு. கொண்டுபோய்ப் பூட்டி, அவர்கள் கண் முன்னாலேயே பத்தவைத்து, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் வருவாள்.

முதலாவது அடுப்பு கொண்டச்சிக்குப் போனது. வாங்கியவள் நசீறா. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, உம்மா வாப்பாவின் ஊருக்குத் திரும்பி வந்தவள். றோட்டோரத்தில் ஒற்றை அறையில் சாப்பாட்டுக் கடை ஒன்று போடப் போகிறாள். வியாழக்கிழமை பின்னேரம் அடுப்பை இறக்கி, சிலிண்டரைப் பூட்டி, செலீனா தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது நசீறா அவள் கையைப் பிடித்தாள்.

"இப்ப வேணாம் அக்கா. நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு லெப்பை வருவார். சாம்பிராணி காட்டி, ஓதி முடிச்ச பிறகுதான் அடுப்பில முதல் நெருப்பு. எங்கட முறை அது."

சுவாமியார் வந்து ஆசீர்வதிக்காமல் புது வள்ளத்தைக் கடலில் இறக்காத ஊரில் பிறந்தவள் செலீனா. அவளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டாள். சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திறந்து, காஸ் வருகிற சத்தத்தைக் காட்டி, வழக்கம்போல மூக்கை வைத்துப் பார்த்தாள். முன்கதவாலும் பின்யன்னலாலும் கடற்காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒரு மணமும் இல்லை. "தங்கம் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, நசீறா நீட்டிய பிளேன்டீயை வாங்கினாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இரண்டாவது அடுப்பைப் பார்க்கப் பாப்பாமோட்டையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. முற்றத்தில் மண் பறந்ததால் யாகப்பரும் அவளும் அடுப்பைப் பின் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். செலீனா சிலிண்டரைப் பூட்டித் திறந்து வைத்துவிட்டு, மண் வராமல் கதவைச் சாத்திவிட்டு மீன் வெட்டப் போனாள். அரை மணித்தியாலம் இருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்தவள் அப்படியே பின்னுக்கு வந்தாள். அறை முழுக்கக் காஸ்.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, யன்னலைத் திறந்தாள். மணம் போனபிறகு சோப்பு நுரை கலக்கி, காஸை இம்மியளவு திறந்து, குழாயில் பூசிப் பார்த்தாள். அடுப்பின் பின்பக்கம், பித்தளை முடிச்சுக்குள் இருக்கும் றப்பர் வளையத்தின் இடத்தில் நுரை குமிழ் குமிழாய் எழும்பியது. முடிச்சைக் கழற்றினால் வளையம் காய்ந்து, மூன்று இடத்தில் வெடித்துக் கிடந்தது. மூன்று வருடம் சும்மா கிடந்ததன் பலன்.

முற்றத்தில் ஏன் மணக்கவில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே சோளகம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இவள் மூக்கை வைத்த நேரமெல்லாம் காற்று காஸை அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டியிருக்கிறது. இத்தனை வருடமாக நம்பிய மூக்கு அவளை நட்டாற்றில் விட்டுவிட்டது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள். இரண்டாம் தரம்தான் யாகப்பருக்குக் கேட்டது. "மற்றது கொண்டச்சியில நிக்குது. அதுவும் இதோட கிடந்ததுதான்."

யாகப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றே முக்கால். அஸருக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. செலீனா நசீறாவுக்கு எடுத்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. திரும்ப எடுத்தாள். அதே கதை. கடைசியில் யாகப்பர் தன்னோடு முன்பு மீன் வியாபாரம் செய்த சிலாவத்துறை சாஹுல் ஹமீட்டின் இலக்கத்தை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினார்.

இங்கேதான் செலீனா அந்தப் பிழையைச் செய்தாள். போனைக் காதில் வைத்த கணத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது நசீறா அல்ல. காக்கா கூட வராத அந்த எட்டு மாதம். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான்.

"நானா, நான் பேசாலைச் செலீனா. கொண்டச்சி நசீறாட அடுப்பில சின்னச் சாமான் ஒண்டு மாத்தோணும். நாங்க வாற வரைக்கும் பத்தவைக்க வேணாம் எண்டு சொல்லிவிடுறீங்களே?"

"நான் புத்தளத்தில நிக்கிறன் தங்கச்சி. காரியமில்ல, என்ட மருமகன்ட வீடு அந்தக் கடைக்குப் பக்கத்திலதான், சொல்லச் சொல்றன். பத்தவைக்க வேணாம், அவ்வளவுதானே?"

"ஓம் நானா. அவ்வளவுதான்."

பத்து நிமிடத்தில் அவரே திரும்ப எடுத்தார். சொல்லியாயிற்று, இவர்கள் போகும்வரை அடுப்பைத் தொடமாட்டார்களாம். செலீனா கதிரையில் பொத்தென்று இருந்தாள். புது றப்பர் வளையத்தையும் முடிச்சுக் கழற்றுகிற சாவியையும் பையில் போட்டுக்கொண்டு, புருசனும் பெண்சாதியும் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

பாலத்தில் வழக்கம்போல இரண்டு சிலுவை. தள்ளாடி தாண்டி, வங்காலை தாண்டி, லொறி நறுவிலிக்குளத்தை நெருங்கியது. செலீனா செய்யப்போகிற வேலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ரெகுலேட்டரை மூட வேணும், பிறகு முடிச்சைக் கழற்ற வேணும். முதலில் ரெகுலேட்டரை...

நேற்று அதை மூடினாளா?

திறந்தது ஞாபகம் இருக்கிறது. சத்தம் காட்டியதும் மூக்கை வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பிறகு நசீறா பிளேன்டீ நீட்டினாள், இவள் திரும்பி இரண்டு கையாலும் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற வீடுகளில் பத்தவைத்துத் தேத்தண்ணி ஊற்றுவாள், அடுப்பை அணைக்கிறபோது கை தானாகவே ரெகுலேட்டரையும் மூடிவிடும். நேற்று நெருப்பு இல்லை. அணைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நிப்பாட்டவா?" என்று யாகப்பர் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நிப்பாட்டாதேங்கோ. ஓடுங்கோ." அவள் போனைத் தேடி எடுத்தாள். "நேத்துப் பின்னேரம் தொடங்கி காஸ் திறந்து கிடக்கு. கடை பூட்டிக் கிடக்கு. பத்தவைக்க வேணாம் எண்டுதான் சொன்னனான். அவங்கள் பத்தவைக்க மாட்டாங்கள். ஆனா சாம்பிராணி காட்டுவாங்கள்."

யாகப்பர் மிதியில் காலை அழுத்தினார்.

செலீனா நசீறாவுக்கு எடுத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாஹுல் ஹமீட்டுக்கு எடுத்தாள், போன் வேலை செய்யவில்லை. திரும்ப நசீறாவுக்கு, திரும்ப அவருக்கு. செபமாலையைக் கையில் எடுத்து 'அருள் நிறைந்த' என்று தொடங்குவாள், அடுத்த சொல் வராது, மீண்டும் போனை அழுத்துவாள். காய்ந்து வெடித்த அந்த வளையமும், தணல் நிறைந்த சட்டியோடு கதவைத் திறக்கும் யாரோ ஒருத்தியும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளுக்கு அப்படியொரு பயம் அதுவரை வந்ததில்லை. யுத்த காலத்தில் பங்கருக்குள் கிடந்தபோதுகூட வந்ததில்லை. அப்போது குண்டு வேறு யாரோ போட்டது. இது அவளே கொண்டுபோய் வைத்தது.

அரிப்புக்குக் கிட்ட மாட்டுப்பட்டி ஒன்று றோட்டை மறித்தது. யாகப்பர் ஹோனை அடித்தார். மாடுகள் ஆற அமர அசைபோட்டுக்கொண்டு நடந்தன. செலீனா இறங்கி, கத்திக்கொண்டு மாடுகளைக் கையால் தள்ளினாள். மேய்க்கிறவன் இவளுக்கு விசர் என்று நினைத்திருப்பான்.

சிலாவத்துறையைத் தாண்டும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. தொப்பியோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தொழுகையும் முடிந்துவிட்டது. இனி லெப்பை கடைக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

கொண்டச்சியில் லொறி நிற்பதற்கு முன்னமே அவள் கதவைத் திறந்துவிட்டாள். வேப்பமரத்துக்குக் கீழே லெப்பை கதிரையில் இருந்தார். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், பிள்ளைகள் வேறு. நசீறா புதுச் சாறியோடு கடை வாசலில் நின்று பூட்டில் திறப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், நாலு எட்டுத் தள்ளி, மாமியார் பாத்தும்மா இரண்டு கையாலும் சாம்பிராணிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புகை காற்றில் படுத்துப் பறந்தது, தணல் சிவந்து சிவந்து மங்கியது.

"நெருப்பு! நெருப்பைக் கொண்டு போகாதேங்கோ!"

எல்லாரும் திரும்பினார்கள். நசீறா சிரித்தாள். "வாங்க அக்கா! பயப்பிடாதீங்க, அடுப்பை நாங்க தொடவே இல்ல. சின்னச் சாமான் மாத்தோணும் எண்டு சொல்லிவிட்டீங்கதானே." சொல்லிக்கொண்டே பூட்டைக் கழற்றினாள்.

"பொய்!" செலீனா கத்தினாள். "நான் பொய் சொன்னனான்! காஸ் ஒழுகுது! உள்ளுக்கு நிறைஞ்சு கிடக்கு! பிள்ளைகளைக் கொண்டு போங்கோ!"

பாத்தும்மா விறைத்துப்போய் நின்றாள். கையில் சட்டி ஒரு பக்கம் சரிந்தது. விளிம்பில் ஒரு தணல் எட்டிப் பார்த்தது. செலீனா ஓடிப்போய் அவள் கையிலிருந்து சட்டியை வெறுங்கையால் பறித்தாள். பிடியைப் பிடிக்க நேரமில்லை, சுட்ட மண்ணைத்தான் பிடித்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை மட்டும் தெளிவாக யோசித்தாள்: காற்று வருகிற பக்கம், கடல் பக்கம். ஐம்பது அடி தள்ளிப்போய் மணலில் கவிழ்த்து, காலால் மண்ணை அள்ளி மூடிவிட்டுத்தான் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன.

திரும்பி வந்தபோது நசீறா கதவைத் திறந்துவிட்டிருந்தாள். அந்த மணத்துக்கு ஏலத்து மூக்கு தேவையில்லை. வேப்பமரத்தடியில் நின்ற பிள்ளைகூட மூக்கைப் பொத்தியது. உள்ளே இருட்டு. பழக்கதோசத்தில் நசீறாவின் கை சுவரில் லைற் சுவிச்சைத் தேடியது.

"லைற்றைப் போடாதே நசீறா!" செலீனா அவளைத் தோளில் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு தானே உள்ளே போனாள். ரெகுலேட்டர் திறந்துதான் கிடந்தது. மூடினாள். யன்னலைத் தள்ளித் திறந்தாள். வெளியே வரத் திரும்பியபோது மேசையில் ஏதோ மினுங்கியது. நசீறாவின் போன். பதினேழு தவறிய அழைப்புகள். நேற்றே மறந்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள். வழிநெடுக இவள் எடுத்த அழைப்பெல்லாம் காஸ் நிறைந்த இந்த அறைக்குள்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. செலீனா அதைத் தொடவில்லை. வெளியே வந்து மண்ணில் குந்தினாள்.

ஏமாற்றிய அதே சோளகம்தான் ஒரு மணித்தியாலத்தில் அறையைத் துடைத்து எடுத்தது. லெப்பை மரத்தடியிலேயே ஓதினார். சாம்பிராணி பற்றி யாரும் பேசவில்லை. பாத்தும்மா கற்றாழை கொண்டுவந்து செலீனாவின் கையில் பிழிந்துவிட்டாள். யாகப்பர் அடுப்பை லொறியில் ஏற்றிய பிறகுதான் நசீறா கிட்ட வந்தாள்.

"சின்னச் சாமான் மாத்தோணும் எண்டு சொன்ன வாயால காஸ் ஒழுகுது எண்டு சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் அக்கா?"

"காசைத் திருப்பித் தாறன்," என்றாள் செலீனா மெதுவாக.

"காசு வேணாம். அடுப்பைத் திருத்திக் கொண்டாங்க. ஆனா முதல் நெருப்பு நீங்கதான் வைக்கோணும். நாங்க மரத்தடியில நிண்டு பாக்கிறம்."

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுப்போட்ட கையோடு செலீனா திரும்பிப் போனாள். றப்பர் வளையங்கள் அத்தனையும் புதிது. சோப்பு நுரையை ஒருதரமல்ல, மூன்று தரம் பூசிப் பார்த்தாள். கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் காஸைத் திறந்து வைத்துப் பார்த்தாள். குமிழும் இல்லை, மணமும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள். யன்னலால் பார்த்தால் வேப்பமரத்துக்கு அப்பால் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். யாகப்பரும் அங்கேதான். அவள்தான் அவரைப் போகச் சொன்னது. அந்த அறையில் தன்னந்தனியாக நின்றபோது, ஏலத்தில் கை தூக்குகிற பயமெல்லாம் ஒரு பயமா என்று அவளுக்குத் தோன்றியது. குச்சியை எடுத்தாள், விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

காலடிச் சத்தம் கேட்டது. நசீறா உள்ளே வந்து பக்கத்தில் நின்றாள்.

"வெளியில போ நசீறா."

"போகமாட்டன். போன கிழமை ஆள் சொல்லிக் கேட்டபடியாத்தான் ஏமாந்தனாங்க. பொய் சொன்னா உங்கட முகத்தில தெரியும். இப்பச் சொல்லுங்க, ஒழுகுதா?"

"இல்ல," என்றாள் செலீனா. "ஒழுகேல்ல. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

"பத்தவைங்க."

செலீனா குச்சியை உரசினாள். நசீறா அடுப்பைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.